சொன்னால் கேட்கும் தளத்துக்குத்தான் அடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மாங்கா காமிக்ஸை ரசிகர்கள் மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போடுவதும், பதிப்பகங்கள் அதை ஒடுக்குவதும் செய்தியாகும்போதெல்லாம் ‘திருட்டுத் தளங்கள்’ என்று எல்லாரையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. மொழிபெயர்க்கும் உரிமை படைப்பாளிக்கே என்கிறது பதிப்புரிமை பற்றிய சர்வதேச பெர்ன் உடன்படிக்கையின் 8ஆவது பிரிவு. காசு வாங்காமல் செய்தேன் என்பது அதற்குப் பதிலாகாது. ஆனால் யார் அடி வாங்குகிறார்கள், யார் நழுவிப்போகிறார்கள் என்று பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

‘ஸ்கேன்லேஷன்’ எனப்படும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய நாலைந்து பேராவது வேண்டும். வார இதழ் தொடரின் ஓர் அத்தியாயம் சுமார் 19 பக்கம். அச்சிதழின் தாள் மட்டமானது, பின்பக்க மை முன்பக்கம் தெரியும். அதனால் பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்து, 600 டிபிஐ நுணுக்கத்தில், கறுப்பு வெள்ளை சாம்பல் நிறங்களில் (கிரேஸ்கேல்) ஸ்கேன் செய்வார்கள். பிறகு ஃபோட்டோஷாப்பில் ‘லெவல்ஸ்’ திருத்தி, பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கி, மங்கிய மையைக் கறுப்பாக்க வேண்டும். இதில் கொஞ்சம் மிஞ்சினாலும் நிழலுக்காக ஓவியர் இட்ட ஸ்கிரீன்டோன் புள்ளிகள் கரைந்துவிடும். படத்தின் அளவைக் கண்டபடி குறைத்தால் அதே புள்ளிகள் அலையலையாகத் தெரியத் தொடங்கும்.

வசன பலூனுக்குள் இருக்கும் ஜப்பானிய எழுத்தை அழிப்பது சுலபம். ஓவியத்தின் மேலேயே வரைந்திருக்கும் ஓசைச் சொற்கள்தான் உயிரை வாங்கும். ஓர் இடிச் சத்தத்தை அழித்தால், அதன் அடியில் மறைந்திருந்த தலைமுடி, சுவர், மழைக்கோடு எல்லாவற்றையும் ஒருவர் திரும்ப வரைந்தாக வேண்டும். இரட்டைப் பக்கச் சண்டைக் காட்சி ஒன்று பல மணி நேரத்தை விழுங்கிவிடும். கடைசியில் டைப்செட்டிங், அதாவது மொழிபெயர்த்த வசனத்தைப் பலூனில் பொருத்துவது. ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக ஓடுவதால் பலூன்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். இடமிருந்து வலமாக எழுதும் மொழிகளில் நீளமான சொற்கள் அதில் அடங்காது (‘போய்க்கொண்டிருந்தவர்களில்’ என்பதை அங்கே நுழைத்துப் பாருங்கள்!). எழுத்தைச் சிறிதாக்கினால் கைபேசியில் படிக்க முடியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தையே வேறு மாதிரி எழுதித் தர வேண்டியிருக்கும்.

இதைச் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு வருமானம் எதுவும் இல்லை. ஆங்கில உரிமம் விற்கப்பட்டதாக அறிவிப்பு வந்தால் அந்தத் தொடரை அத்தோடு நிறுத்திவிடும் வழக்கமும் பழைய குழுக்கள் பலவற்றில் இருந்தது. எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே காட்ட ‘நன்கொடை’ வசூலிக்கும் குழுக்களும் உண்டு, அவர்களுக்காக வாதாட எதுவும் இல்லை.

ஆனால் பெரிய அளவில் சம்பாதிப்பவை, பிறர் செய்ததை அள்ளிப் போடும் திரட்டித் தளங்கள். குழு வெளியிட்ட கையோடு ஒரு தானியங்கி நிரல் பக்கங்களை இழுத்துக்கொள்ளும். குழுவின் பெயர் இருக்கும் பக்கம் வெட்டப்படும், படத்தின் தரம் குறைக்கப்படும், சுற்றிலும் சூதாட்ட, ஆபாச விளம்பரங்கள் ஏறும். டொமைனை (தள முகவரியை) முடக்கினால் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள் மட்டும் மாறும், தளம் அப்படியே இருக்கும். அசல் சர்வர் எங்கே என்பது பக்கங்களை வாசகருக்குக் கடத்தித் தர இடையில் நிற்கும் விநியோகச் சேவை ஒன்றின் பின்னால் ஒளிந்திருக்கும்.

பதிப்பகங்கள் அதிகம் நம்புவது 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி அனுப்பும் நோட்டீஸை. எந்தப் படைப்பு, அது எந்த முகவரியில் கிடக்கிறது, புகார்தாரரின் தொடர்பு விவரம், அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருப்பதாக நம்புகிறோம் என்ற அறிக்கை, தகவல்கள் சரியானவை, உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழி, கையொப்பம். இவை இருந்தால் போதும். கிடைத்ததும் தாமதிக்காமல் நீக்கும் தளத்துக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆக, பதில் சொல்லும் ஆள் இருக்கும் இடத்தில்தான் இந்த நோட்டீஸ் செல்லும். 2025 மே மாதம் மாங்காடெக்ஸ் என்ற ரசிகர் மொழிபெயர்ப்புத் தளம் 700க்கும் மேற்பட்ட தொடர்களின் அத்தியாயங்களை நீக்கியது இப்படித்தான். பல ஆண்டுகள் விளம்பரமே போடாமல் நடந்த தளம் அது. நோட்டீஸைக் குப்பையில் போடும் தளத்துக்கு வாசகர்கள் இடம் பெயர்வது மட்டுமே இதன் உடனடி விளைவு.

2024 ஜனவரியில், பிற தளங்களில் உள்ள மாங்காவைக் கைபேசியில் படிக்க உதவிய டாச்சியோமி செயலிக்கும் இதே கதி நேர்ந்தது. கொரியாவின் காகாவ் நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்தபின் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. அந்தச் செயலி மாங்கா படம் எதையும் தன்னிடம் வைத்திருந்ததில்லை. நிரல் திறந்தமூலம் (யாரும் எடுத்து மாற்றலாம்) என்பதால் மிஹோன் என்ற வாரிசு உடனே கிளம்பிவிட்டது.

கடினமான வழியும் ஒன்று இருக்கிறது, அது பலன் தந்தும் இருக்கிறது. மாங்காமுரா என்ற திருட்டுத் தளத்தை நடத்தியவர் 2019இல் மணிலாவில் பிடிபட்டார். 2021 ஜூனில் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் 3 ஆண்டு சிறையும் 1 கோடி யென் அபராதமும் விதித்தது. 2024 ஏப்ரலில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கடோகவா, ஷூயேஷா, ஷோகாகுகான் ஆகிய மூன்று பதிப்பகங்களுக்கும் சுமார் 170 கோடி யென் இழப்பீடு தரச் சொன்னது. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், திருட்டுத் தளங்களுக்கு விநியோகச் சேவை அளித்த கிளவுட்ஃப்ளேர் நிறுவனமே சுமார் 50 கோடி யென் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒளிய இடம் கொடுப்பவரைப் பிடிப்பதால், ஆயிரம் நோட்டீஸைவிட இந்த வழக்குக்கு வலு அதிகம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். மாங்காமுராவால் 30,000 கோடி யென் இழப்பு என்ற எண்ணை மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கு எதிராகவும் சிலர் நீட்டுகிறார்கள். மாங்காமுரா மொழிபெயர்ப்புத் தளமே அல்ல. ஜப்பானிய வாசகருக்கு ஜப்பானிய மொழியிலேயே கொடுத்த தளம் அது. அந்த எண்ணும் தளத்துக்கு வந்தவர்களின் வருகையைக் கொண்டு போட்ட மதிப்பீடு. வந்தவர்கள் எல்லாம் புத்தகம் வாங்கியிருப்பார்கள் என்பது நடக்காத காரியம்.

முன்கூட்டிய கசிவுக்கும் வேறு மருந்து வேண்டும். வார இதழ் திங்கட்கிழமை விற்பனைக்கு வரும் என்றால், கட்டுகள் கடைக்கு அதற்குச் சில நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே யாராவது கைபேசியில் படம் எடுத்தால், அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு முன்பே மொழிபெயர்ப்பு உலகம் சுற்றிவிடும். 2024 பிப்ரவரியில் குமாமோட்டோ மாகாண போலீசார் இப்படிப் படம் எடுத்ததாக இருவரைக் கைது செய்தார்கள். அதுதான் சரியான இடம். ஊற்றுக்கண்ணை அடைத்தால், கீழே இருக்கும் குழுக்களுக்கு அந்த வாரம் வேலையே இல்லை.

2010இல் 36 ஜப்பானியப் பதிப்பகங்கள் அமெரிக்கப் பதிப்பகங்களோடு கூட்டணி அமைத்து மிரட்டியதில் ஒன்மாங்கா போன்ற பெரிய தளம் மூடப்பட்டது. அதன் இடத்தை வேறு தளங்கள் பிடித்துக்கொண்டன. நிலைமை ஓரளவு மாறியது 2019 ஜனவரியில்தான். ஷூயேஷாவின் மாங்கா பிளஸ் சேவை, ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில் ஆங்கிலத்திலும், பிறகு ஸ்பானிஷிலும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்தத் தொடர்களை ரசிகர்கள் மொழிபெயர்க்கக் காரணம் பாதி போய்விட்டது. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது: முதல் 3 அத்தியாயமும் கடைசி 3 அத்தியாயமும் மட்டும் திறந்திருந்த தொடக்க கால ஏற்பாட்டில், 80ஆவது அத்தியாயத்தில் நின்றவர் என்ன செய்திருப்பார்? நடுப்பகுதிக்குத் திருட்டுத் தளம்தான். ஒரு நாட்டுக்கு விற்ற உரிமம் இன்னொரு நாட்டுக்குச் செல்லாததால், பணம் கட்டத் தயாராக இருப்பவருக்கும் ‘உங்கள் பகுதியில் இல்லை’ என்ற பதில் வருகிறது.

எனவே பதிப்பகங்கள் நோட்டீஸில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: இந்தத் தொடர் இந்த மொழியில், இந்த நாடுகளில், இத்தனையாவது அத்தியாயம் வரை, இந்த முகவரியில் கிடைக்கும். நீக்கிய பக்கத்தில் அந்த இணைப்பைப் போட, சொன்னால் கேட்கும் தளங்கள் மறுக்கப்போவதில்லை. அந்த வரியை நிரப்ப முடியாத தொடர்களை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, விளம்பரக் காசு யார் கணக்குக்குப் போகிறது என்று தேடுவதில் வழக்கறிஞர்களின் நேரத்தைச் செலவிடலாம்.

இப்படிக்கு,
மாங்கா வாசகர்கள் சிலர்