"60 சதவீதம் மீதம்" என்று எழுதிக் கொடுத்த செயின் லோடர் பற்றிய புகார்

அனுப்புநர்:
மண்வேலை ஒப்பந்ததாரர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
பழைய மண்வேலை இயந்திரப் பிரிவு.

பொருள்: கேட்டர்பில்லர் 955எல் செயின் லோடர் – ஆய்வு அறிக்கையில் உண்மைக்கு மாறான விவரங்கள் – கட்டணமும் பழுதுச் செலவும் கோருதல்.

ஐயா,

உங்கள் யார்டில் நான் வாங்கிய 955எல் செயின் லோடர் (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடி மண் அள்ளும் வண்டி) பற்றி எழுதுகிறேன். போனில் கேட்டபோது உங்கள் ஆள், "நாற்பது வருஷத்து வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவிட்டார். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் வயதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பழைய மாடல் என்று தெரிந்துதான் தேடி வாங்கினேன். எனக்கு ஏரி தூர்வாரும் வேலை அதிகம். சேற்றில் டயர் வண்டி புதைந்துவிடும். தோண்டி, அள்ளி, சுமந்து போய் டிப்பரில் கொட்ட ஒரே வண்டி என்றால் அது செயின் லோடர்தான். அதிலும் 955எல்-இல் இருக்கும் 3304 நாலு சிலிண்டர் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எங்கள் பக்கமே இருக்கிறார். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இதற்கு அடுத்து வந்த 963-இல் ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டேடிக் டிரைவ். அதில் பம்ப் போனால் என் வசதிக்குத் தாங்காது. ஆக, பழசு என்பது நான் யோசித்து எடுத்த முடிவு. என் புகார் வண்டி மேல் இல்லை, நீங்கள் கொடுத்த தாளின் மேல். வண்டி விலை போக, ஆய்வு அறிக்கைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த தாள் அது.

"அண்டர்கேரேஜ்: 60 சதவீதம் மீதம்" என்கிறது அந்தத் தாள். அதாவது செயின், ரோலர் எல்லாம் சேர்ந்த அடிப்பகுதியில் தேய இன்னும் 60 சதவீதம் பாக்கி என்று. செயின் வண்டியில் பராமரிப்புச் செலவில் பாதி செயினுக்கும் அதன் மேல் உருளும் ரோலருக்குமே போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். லோடருக்கு டோசரை விடவும் அதிகம். பக்கெட்டில் மண்ணை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி ஓடுகிற வண்டி. பாரம் முழுக்க முன் ரோலரிலும், செயினின் முன்முனையில் இருக்கும் ஐட்லர் சக்கரத்திலும் இறங்கும். அதனால் நான் முதலில் பார்த்த வரியும் இதுதான், விலைக்கு ஒப்புக்கொண்டதும் இதை வைத்துத்தான்.

இந்த 60 எப்படி வந்தது என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. என் மெக்கானிக் அளந்த முறையைச் சொல்கிறேன். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு பின்னைக் கொடுத்து வண்டியை லேசாகப் பின்னால் எடுத்தால் செயின் விறைப்பாக நிற்கும். அப்போது செயினில் ஒரு பின்னின் ஓரத்திலிருந்து, நாலு லிங்க் (செயின் கண்ணி) தள்ளி இருக்கும் பின்னின் அதே ஓரம் வரை டேப் வைக்க வேண்டும். புது செயினில் அந்த அளவு எவ்வளவு, எவ்வளவு வரை நீளலாம் என்பதற்குக் கம்பெனி அட்டவணை உண்டு. பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷின் விட்டம், லிங்க் உயரம், ரோலர் தேய்மானம் எல்லாவற்றையும் அதேபோல் தனித்தனியாக எடுக்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தேய்மான எல்லையைத் தாண்டி நிற்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. லிங்க்கை எண்ணினோம்: இடது பக்கத்தை விட வலது பக்கத்தில் ஒன்று குறைவு. நீண்டுபோன செயினில் ஒரு லிங்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி கோர்த்திருக்கிறார்கள். இடது பக்கம் அதையும் செய்யவில்லை, கிரீஸ் அடித்து அடித்து ஐட்லரை அதன் தடத்தின் கடைசி வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். இனி இறுக்குவதற்கு ஒரு விரல் இடம்கூட இல்லை. ஸ்ப்ராக்கெட் பல் ஈட்டி முனை மாதிரி கூர்ந்திருக்கிறது.

அப்படியானால் 60 எங்கிருந்து வந்தது? செயினில் தரையைத் தொடும் தகடான பேட்டின் உயரத்திலிருந்து என்றுதான் தோன்றுகிறது. தேய்ந்த பேட்களின் மேல் புதுக் கம்பி வைத்து வெல்டிங் அடித்து, மஞ்சள் பெயிண்ட் பூசியிருக்கிறீர்கள். நாலு நாள் சேற்றில் ஓடியதும் பெயிண்ட் போய் வெல்டிங் தடம் வெளியே தெரிந்துவிட்டது. பேட் உயரமாக இருந்தால் செயின் நன்றாக இருக்கிறது என்று எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார்.

அடுத்தது மீட்டர். 6,200 மணி நேரம் என்கிறது அறிக்கை. மீட்டர் புதிதாக மாட்டிய எலெக்ட்ரிக் மீட்டர். பழைய மீட்டர் இருந்த துளையைத் தகடு வைத்து மூடியிருக்கிறது. இந்த வண்டியில் திருப்புவது காலால். இரண்டு ஸ்டீரிங் பெடலிலும் இருந்த வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கின்றன, வலது பெடலின் ஓரம் இரும்பே மெலிந்துவிட்டது. 6,200 மணி நேரத்தில் இவ்வளவு தேயுமா என்று உங்கள் ஆப்பரேட்டரையே கேளுங்கள். மீட்டர் மாற்றுவது குற்றம் இல்லை. "மீட்டர் மாற்றப்பட்டது, உண்மையான நேரம் தெரியாது" என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

என்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். பார்க்க வருவதற்கு முந்தைய நாளே, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். வந்து கை வைத்தபோது பிளாக் சூடாக இருந்தது. "இடம் மாற்றி நிறுத்த எடுத்தோம்" என்றார்கள். சூடான என்ஜின் எதுவும் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். இங்கே வந்தபின் காலையில் எடுத்தால் வெள்ளைப் புகை அடங்கவே நேரமாகிறது, என்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதரில் கை வைத்தால் குபுகுபுவென்று ஊதுகிறது. ஆயில் சோதனை ரிப்போர்ட்டை டெலிவரிக்கு முன் அனுப்புவதாக எழுத்தில் சொன்னீர்கள். இன்றுவரை வரவில்லை.

டிரையலுக்கு யார்டுக்குள் பத்து நிமிடம்தான் விட்டீர்கள். இந்த டிரான்ஸ்மிஷனில் கோளாறு இருந்தால் ஆயில் சூடேறிய பிறகுதான் தெரியும். இங்கே அரை மணி நேரம் வேலை செய்ததும் இரண்டாவது கியரில் நழுவுகிறது. வலது பெடலைக் கடைசி வரை மிதித்தாலும் அந்தப் பக்கச் செயின் முழுதாக நிற்பதில்லை. அறிக்கையில் "ஸ்டீரிங் ஓகே, டிரான்ஸ்மிஷன் ஓகே".

வலது பைனல் டிரைவ் (ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசிக் கியர் பெட்டி) சீல் கசிகிறது. யார்டில் பார்த்தபோது அந்த இடம் மட்டும் டீசலில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்ததன் காரணம் இப்போது புரிகிறது. ஆயிலை இறக்கியதும் காந்த பிளக்கில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. தூளாவது வரும், விட்டுவிடலாம். சின்னச் சின்னச் சில்லும் இருந்தது.

இதற்கு ஒரு விளக்கமும் கிடைத்தது. "முந்தைய உபயோகம்: எஸ்டேட் சாலை வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியின் அடித்தகடான பெல்லி கார்டைக் கழற்றியபோது உள்ளே கைநிறைய ஸ்லாக் (இரும்பு உருக்கும்போது வரும் கசடு) கட்டிகள்: கருஞ்சாம்பல் நிறம், ஓட்டை ஓட்டையாக, உடைத்தால் கண்ணாடி போல் கூரான விளிம்பு. எஸ்டேட்டில் ஸ்லாக் ஏது? இரும்பாலைகளில் கொதிக்கிற ஸ்லாக்கை அள்ள செயின் லோடரை வைப்பது வழக்கம்தான். ஆனால் அந்தச் சூட்டில் சீலின் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஸ்லாக் துகள் செயினை அரம் போட்டுத் தேய்த்துவிடும். இது தெரிந்திருந்தால் நான் அட்வான்ஸே கொடுத்திருக்க மாட்டேன்.

"உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற ரசீது வரியை உங்கள் ஆள் நினைவூட்டினார். அந்த வரி, வண்டியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விற்றால் உங்களுக்கு உதவலாம். நீங்கள் விவரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு.

நான் கேட்பது இவைதான். ஆய்வுக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு பக்கச் செயின், ஸ்ப்ராக்கெட், வலது பைனல் டிரைவ் வேலைக்கான செலவை ஏற்க வேண்டும், மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். அதற்கு மனமில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு, டிரெய்லர் வாடகையோடு சேர்த்துப் பணத்தைத் தாருங்கள். என்ஜின் நிலைமை பற்றி இப்போதைக்குத் தொகை எதுவும் கேட்கவில்லை. ஆயில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம். எப்படியானாலும் உங்கள் ஆய்வாளர் எடுத்த அசல் அளவுத் தாளை அனுப்புங்கள். அப்படி ஒரு தாள் இருந்தால்.

வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்திருக்கிறேன். இறக்கிய ஆயில், அறுத்துப் பார்த்த பில்டர், ஸ்லாக் கட்டிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து என் மெக்கானிக்கின் முன்னால் அளக்கலாம். முந்தைய நாள் போன் செய்தால் போதும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸாக இருக்கும்.

இப்படிக்கு,
வண்டி வாங்கியவர்

இணைப்பு: ரசீது நகல், ஆய்வு அறிக்கை நகல், அளவுக் குறிப்பு, புகைப்படங்கள், வாட்ஸ்அப் செய்தி நகல், பழுது மதிப்பீடு.