அரசு உயர்நிலைப் பள்ளிச் சுற்றுச்சுவர், கழிப்பறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

குழு உறுப்பினர்களுக்கும், பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்த ஊர்ப் பொதுமக்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்துப்போட்ட நம் பள்ளிச் சுற்றுச்சுவர் மறுபடி எழுந்து நிற்கிறது. மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறையும் கட்டித் திறந்தாயிற்று. வேலை முடிந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எந்த விதியின்கீழ் வந்தது, கேட்க வேண்டியதைவிடக் கூடுதலாக உங்களிடம் ஏன் கேட்டோம் என்பதை எழுத்தில் வைப்பது எங்கள் கடமை.

சுவர் கட்ட ஊராட்சியில் பணம் இல்லையா என்று பலர் கேட்டீர்கள். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதில் சுவர் கட்ட முடியாது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சி தன் தேவைக்கு வேலை எடுக்கலாம். நம் ஊராட்சியில் அது சிறு பாலத்துக்கும் தெருவுக்குமே போதவில்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் மனு கொடுத்தோம். தொகுதி முழுவதும் கஜாவில் அடிபட்டுக் கிடந்த நேரம், நம் முறை வரவில்லை. அப்புறம்தான் 'நமக்கு நாமே' திட்டத்துக்கு வந்தோம்.

இது புதிய திட்டமல்ல. 1997-98இல் தொடங்கியது, இடையில் நின்று 2007-08இல் மீண்டும் வந்தது, 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021-22இல் பழைய பெயரோடு திரும்பியது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: மக்கள் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். இப்போதைய விதிப்படி மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். அதற்கும் முன்னால், காமராஜர் ஆட்சியில், 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊர்தான் பள்ளிக்குக் கொடுத்தது. நம் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் அந்தக் காலத்து வேலை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஒன்றியப் பொறியாளர் போட்ட மதிப்பீடு 20 லட்சம் ரூபாய். சுவருக்கு 13 லட்சம், கழிப்பறைக்கு 7 லட்சம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 6 லட்சத்து 67 ஆயிரம் கட்டினால் போதும். குழு 10 லட்சம் கட்டியது. இந்த 3 லட்சத்து 33 ஆயிரம் வீண்செலவு என்று சென்ற பொதுக்குழுவில் பேசப்பட்டது. அதற்கு நேராகப் பதில் சொல்கிறோம்.

பங்களிப்பு பாதிக்குக் குறைந்தால் வேலை டெண்டருக்குப் போகும். பாதியோ அதற்கு மேலோ இருந்தால், கொடுத்தவர்களே எடுத்துச் செய்யலாம், அல்லது தாங்கள் விரும்பும் ஆளிடம் கொடுக்கலாம். டெண்டர் எடுக்கிறவர்கள் எல்லாரும் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இது நம் பிள்ளைகள் சாய்ந்து நிற்கப்போகிற சுவர். கம்பி எத்தனை மில்லி, கலவை என்ன விகிதம், எத்தனை நாள் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று நின்று பார்க்கும் உரிமை ஊருக்கு வேண்டும் என்று நினைத்தோம். அந்த உரிமைக்குத்தான் இந்தப் பணம். எங்கள் கணிப்பில் கொடுத்தது தகும்.

வசூலை 2023 ஆடியில் வைத்துக்கொண்டோம். மொய் விருந்துகள் நடந்து ஊரில் பணம் புழங்குகிற மாதம். தலைக்கட்டு வரி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பூப்பறிக்கும் கூலியில் ஓடுகிற குடும்பமும், தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பமும் ஒரே தொகை கொடுப்பது நியாயமாகப் படவில்லை. அவரவர் விருப்பப்படி கொடுக்கச் சொன்னோம், மொய் எழுதுகிறவர்களையே உட்கார வைத்து நோட்டில் ஏற்றினோம். இது திரும்பி வராத மொய் என்று தெரிந்தேதான் எல்லோரும் எழுதினார்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் இதில் மனத்தாங்கல் இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலும் குவைத்திலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள், தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினோம். ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் கொடுப்பது, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நிதி. அந்தச் சட்டத்தின்கீழ் நம் குழு பதிவு பெறவில்லை. ஆகவே இந்தப் பள்ளியில் படித்து, இன்று சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்கிற சிலருடைய பணத்தை வாங்க முடியாமல் போயிற்று. அவர்களுக்கு ஊர்ப்பற்று குறைவில்லை, எங்களுக்கும் மனம் இல்லாமலில்லை. சட்டம் அப்படி.

10 லட்சத்தை வரைவோலையாக மாவட்ட நிர்வாகத்திடம் கட்டினோம். 2024 ஜனவரியில் நிர்வாக அனுமதி கிடைத்தது. தையில் அடித்தளத்துக்கு வானம் தோண்டினோம். மார்ச் 16இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலானபோது, வேலை ஏற்கெனவே தரையில் நடந்துகொண்டிருந்ததால் நிற்கவில்லை. அனுமதி கிடைத்தும் தொடங்காமல் இருந்திருந்தால் ஜூன் வரை காத்திருந்திருக்க வேண்டும். அடுத்து எடுக்கிற குழு இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குத்தொகை முழுவதும் முன்பணமாகப் போய்விடுகிறது. வேலையைச் செய்து, ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்றி, பில் தயாரான பிறகுதான் பணம் திரும்பி வரும். அதுவரை கம்பிக்கும் சிமெண்டுக்கும் கூலிக்கும் கையில் ரொக்கம் வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் வசூலான 1,40,000 ரூபாயும், கடைவீதியில் கிடைத்த கடனும்தான் முதல் பில் வரும்வரை வேலையை ஓட்டின. சனிக்கிழமைக் கூலி ஒரு வாரமும் தவறவில்லை.

சுவரைப் பற்றி. பழைய சுவர் காலம் (கான்கிரீட் தூண்) இல்லாமல் நேராக எழுப்பிய செங்கல் சுவர். தென்னை சாய்ந்ததும் மொத்தமாகப் படுத்துவிட்டது. இப்போது 10 அடிக்கு ஒரு காலம், கீழே எல்லாவற்றையும் இணைக்கிற பிளிந்த் பீம். காலம் குழிகளை அளக்காமல் மூடக்கூடாது என்பது விதி, மூடிவிட்டால் ஆழத்தை யார் பார்ப்பது? அளவு எடுக்கும்வரை குழிகள் திறந்தே கிடந்தன. பிள்ளைகள் விழுந்துவிடாமல் இளைஞர்கள் சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். சித்தாள் வேலைக்கு வந்தவர்களில் பலர் இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். சாயங்காலம் கூலி நேரம் முடிந்த பிறகும், காலத்தில் சுற்றியிருந்த சாக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

மேற்குப் பக்கம் மழைத்தண்ணீர் குளத்துக்கு இறங்குகிற வாரி பள்ளி வளாகத்துக்குள் புகுந்துதான் போகிறது. அங்கே அடைத்துக் கட்டினால் ஒரே ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும், குளத்துக்கும் வரத்து போய்விடும். பொறியாளரிடம் பேசி, வாரி போகிற இடத்தில் கம்பி வலை போட்ட திறப்பும், மற்ற இடங்களில் தரைமட்டத்தில் குழாயும் வைத்திருக்கிறோம். வலையில் சேரும் சருகை மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும்.

கழிப்பறை செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு முன் திறக்கப்பட்டது. தண்ணீர் வராத கழிப்பறை பூட்டித்தான் கிடக்கும் என்பதால், தனிக் குழாய் இழுத்து மேலே தொட்டி வைத்த பிறகே திறந்தோம். வயதுக்கு வந்த பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடுவதும், சிலர் அந்த நாட்களில் பள்ளிக்கே வராமல் இருப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு இந்தத் திருப்பணியில் முதன்மையான வேலை இதுதான், சுவர்கூட இரண்டாவது.

கணக்கு வருமாறு. ஊருக்குள் வசூல் 4,60,000, வெளியூர் வெளிநாட்டில் இருப்பவர்கள் 5,10,000, முன்னாள் மாணவர்கள் 1,20,000, மகளிர் குழுக்கள் 50,000. ஆக 11,40,000 ரூபாய். இதில் 10,00,000 பங்குத்தொகையாகக் கட்டியது போகக் கையில் நின்றது 1,40,000. பில் தொகை 20,00,000, இதில் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் பிடித்தது போக வந்தது 19,80,000. இரண்டும் சேர்ந்து 21,20,000. சுவர்ச் செலவு 13,45,000, கழிப்பறை, தொட்டி, குழாய் இணைப்புச் செலவு 7,20,000, மொத்தம் 20,65,000. மதிப்பீட்டைத் தாண்டிய 65,000 ரூபாய், அரசு விலைப்பட்டியலுக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம். அதை அரசு தராது, நாம்தான் ஏற்க வேண்டும். கடைக் கடன் எல்லாம் தீர்ந்தது. இருப்பு 55,000. இதைக் கழிப்பறைப் பராமரிப்புக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம், வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று பொதுக்குழு தீர்மானம் போட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

பெரிய தொகை கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் பொறிக்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. கொடுத்த எல்லோர் பெயரும், தொகை இல்லாமல், அகர வரிசையில் ஒரே பலகையில் இருக்கும்.

கோயில் திருப்பணிக்கும் இதே திட்டத்தில் கேட்கலாமா என்று விசாரித்தீர்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு இது பொருந்தாது. கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பிலுள்ள கோயில்களுக்கும் இந்து சமய அறநிலையத்துறை தனியாகத் திருப்பணி நிதியுதவி தருகிறது. அதைக் கோயில் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும், மனு எழுத உதவுகிறோம்.

அடுத்த வேலையாகக் குழு முன்வைப்பது ஆதிதிராவிடர் குடியிருப்பில் சமுதாயக் கூடம். ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்ற சலுகையை இத்தனை வருடமாக நம் ஊர் பயன்படுத்தவே இல்லை. அந்தத் தெருக்காரர்கள் இந்தச் சுவருக்குக் கூலி வாங்காமல் உழைத்தும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பங்கை ஊர் முழுவதும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். இதைக் கூட்டத்தில் விவாதிக்கலாம்.

வரவு நோட்டு, செலவுச் சீட்டுகள், வரைவோலை நகல், மதிப்பீட்டு நகல் எல்லாம் ஊர்ப்புற நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. நூலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் பொதுக்குழுவுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் சீட்டோடு பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளித் திருப்பணிக் குழு