எடைப்பெட்டியும் மியூவானும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஹிக்ஸ் போசான் என்ற துகள், எலெக்ட்ரானின் கனத்த உறவான மியூவான்கள் இரண்டாகச் சிதைவதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பதாக நீ சொன்ன நாளிலிருந்து, பள்ளி ஆய்வகத்தின் எடைப்பெட்டிதான் என் நினைவில் நிற்கிறது. வெல்வெட் குழியிலிருந்து பித்தளை எடையை இடுக்கியால் எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து, பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவே நிறை என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். அந்தப் பித்தளைக்கு நிறை எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை; நானும் யோசித்ததில்லை.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசானை ஒத்த புதிய துகளைக் கண்டதாகச் செர்ன் ஆய்வகத்தின் அறிவிப்பு வந்தபோது, எல்லா நிறைக்கும் அந்தத் துகளுக்கு மூலமான, வெளியெங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலமே காரணம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். பிறகு நீதான் திருத்தினாய். துகள்களின் நிறையைக் குறிக்கும் ஆற்றல் அலகில் புரோட்டானின் நிறை 938 மெகா எலெக்ட்ரான் வோல்ட். ஹிக்ஸ் புலத்தால் அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற மூன்று துகள்கள் பெறும் நிறையைக் கூட்டினால் பத்தைக்கூட எட்டாது. எஞ்சியதெல்லாம் குவார்க்குகளின் இயக்கமும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும் என்று நீ விளக்கிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஹிக்ஸ் புலத்தின் பங்கை அற்பமென்று தள்ள முடியாது. எலெக்ட்ரானுக்கு அது தரும் 0.511 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நிறை இல்லாவிட்டால் அணு என்ற ஒன்றே உருவாகியிருக்காது.

மின்னூட்டத்திலும் தற்சுழற்சியிலும் எலெக்ட்ரானை அப்படியே ஒத்திருக்கும் மியூவான் மட்டும் ஏன் 207 மடங்கு கனக்கிறது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. நிறைக்கேற்ப ஹிக்ஸோடு பிணைப்பும் கூடுகிறதா என்று மியூவானில் அளந்து பார்ப்பது, அந்தக் கேள்வியின் வாசலில் நிற்பதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

பத்தாயிரம் ஹிக்ஸ் சிதைவுகளில் ஏறத்தாழ இரண்டுதான் இவ்வகை. மியூவான் இணைகளிலிருந்து கணக்கிட்ட நிறையின் வரைபடத்தில், 91 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே குன்றாக எழும் இசட் போசான் என்ற வேறொரு துகளின் நீண்ட சரிவில், 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு மேட்டைத் தேடுகிறாய். பின்னணியான அந்தச் சரிவை விவரிக்கும் சார்பை மாற்றியதும், கணினியில் உருவாக்கிய உன் மாதிரித் தரவில் அந்த மேடு சுருங்கிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தாய். சுருங்கினால் சுருங்கட்டும், அம்மா. விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அளவீட்டைத் திருத்திய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முறையை உறுதிசெய்யும்வரை 125ஐச் சுற்றிய உண்மைத் தரவை நீங்கள் மறைத்தே வைக்கிறீர்கள் என்று கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

எத்தனை சார்புகளைப் பொருத்திப் பார்த்தாய், ஒவ்வொன்றிலும் விடை எவ்வளவு நகர்ந்தது என்பதை அடுத்த கடிதத்தில் வரைபடத்தோடு எழுது.

அன்புடன்,
அப்பா