நாட்டுப்பாட்டுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த ஸ்ட்ரிங் குவார்டெட் (ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோன்னு நாலு பேர் வாசிக்கிறது) கச்சேரி விமர்சனம் படிச்சேன். அன்னைக்கு நானும் அங்க இருந்தேன், அதனாலதான் மனசு கேக்காம எழுதறேன். ஹைடன், பீத்தோவன்னு பெரிய இசையமைப்பாளர்களோட படைப்புகள வாசிச்ச முதல் பாதிக்கு நாலு பத்தி, ரெண்டாவது பாதில வாசிச்ச நாட்டுப்பாட்டுக்கெல்லாம் சேத்து "இறுதியில் சில இலகுவான நாட்டுப்புற மெட்டுகள்"னு ஒரே வரி. இலகுவானன்னு எப்படிங்க எழுத மனசு வந்துச்சு?

நான் அமெச்சூரா செகண்ட் வயலின் வாசிக்கிறவன், அதனால என் கண்ணு முழுக்க அந்த செகண்ட் வயலின்காரர் மேலயேதான் இருந்துச்சு. ஹைடன்ல அழகா நீளமா வில் போட்ட அதே மனுஷன், டான்ஸ் மெட்டு வந்ததும் வில்லோட அடிப்பகுதிய தந்தி மேல தொப்புன்னு போட்டு 'சக் சக்'னு ஒரு வறண்ட சத்தம் எடுத்தாரு பாருங்க, சுருதியே இல்லாத சத்தம், ஆனா மொத்த தாளமும் அதுலதான் நிக்குது. வயோலாக்காரம்மா வயலின விடக் கொஞ்சம் பெருசான அந்த வயோலாவ மடில சாய்ச்சு வச்சு கிட்டார் மாதிரி மீட்டுனாங்க. அத வீட்ல முயற்சி பண்ணிப் பாத்தேன், ரெண்டு நிமிஷத்துல மணிக்கட்டு வலி வந்துடுச்சு. இலகுவெல்லாம் இல்லைங்க.

இன்னொன்னு, விமர்சகர் ரொம்பப் பாராட்டுன அந்த பீத்தோவன் குவார்டெட்டே (நாலு வாத்தியத்துக்கு எழுதுன படைப்பையும் குவார்டெட்னுதான் சொல்வாங்க; இது ஓபஸ், அதாவது படைப்பு எண், 59ல முதலாவது) கடைசி மூவ்மெண்ட்ல, அதாவது கடைசிப் பகுதில, ஒரு ரஷ்ய நாட்டுப்பாட்டு மெட்டு மேலதான் ஓடுது. 1806ல, வியன்னால ரஷ்யத் தூதரா இருந்த ரசுமோவ்ஸ்கிக்காக எழுதுனது. ஸ்கோர்லயே 'ரஷ்ய மெட்டு'ன்னு போட்டிருக்கார். மூலப்பாட்டு மெதுவா போற சோகப்பாட்டு, அவர் அத வேகமாக்கித் துள்ள விட்டுட்டார். அப்ப முதல் பாதில கைதட்டு வாங்குனதும் நாட்டுப்பாட்டுதானே? ரஷ்ய இசையமைப்பாளர் சைகாவ்ஸ்கியோட முதல் குவார்டெட்ல (1871) ரெண்டாவது மூவ்மெண்ட்டும் அப்படித்தான், நாட்டுப்பாட்டுல ஆரம்பிக்கிறது, அதக் கேட்டு பக்கத்துல உக்காந்திருந்த எழுத்தாளர் டால்ஸ்டாய் அழுதாருன்னு சைகாவ்ஸ்கியே டைரில எழுதி வச்சிருக்கார். ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் இன்னும் ஒரு படி மேல, ஃபோனோகிராஃப்னு அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவிய தூக்கிக்கிட்டு கிராமம் கிராமமாப் போய் ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக் பாட்டெல்லாம் மெழுகு சிலிண்டர்ல பதிவு பண்ணவர். அவரோட ஆறு குவார்டெட்லயும் அந்த கிராமத்து தாளமும் சுருதியும் ஊறிப்போய் கெடக்கு.

என்னோட உண்மையான வருத்தம் விமர்சகர் மேல மட்டும் இல்ல, அன்னைக்குக் குடுத்த ப்ரோகிராம் நோட்டீஸ் மேலயும்தான். பீத்தோவனுக்கு முழுசா அரைப்பக்கம், எந்த வருஷம், யாருக்காக எழுதுனார், எல்லாம் இருக்கு. நாட்டுப்பாட்டுக்கு நேரா 'பாரம்பரியம்'னு ஒத்த வார்த்தை. எந்த ஊர்ப் பாட்டு, கல்யாணத்துல பாடுனதா, தாலாட்டா, யார்கிட்ட இருந்து யார் எழுதி எடுத்தது, நாலு வாத்தியத்துக்கு யார் பிரிச்சு எழுதுனதுன்னு ஒண்ணுமே கிடையாது. பல பாட்டுக்கு இதெல்லாம் பதிவாகியே இருக்குங்க, தேடணும் அவ்ளோதான். தெரியாத பாட்டுன்னா தெரியலன்னு போடுங்க, பரவால்ல. நோட்டீஸ்ல ஒண்ணுமே இல்லாதப்ப எனக்குப் பின்னாடி சீட்ல இருந்த ரெண்டு பேரு "மெயின் முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லி இடைவேளைல கிளம்புனதுக்கு அவங்களக் குத்தம் சொல்ல முடியுமா?

அவங்க தவறவிட்டது கடைசியா வந்த தாலாட்டு. செல்லோ மட்டும் ஒரே சுருதிய ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, மத்த மூணு பேரும் ஒவ்வொருத்தரா மெட்ட விட்டுட்டு வில்ல இறக்கிட்டாங்க, கடைசில அந்த ஒரு சுருதி தேஞ்சு தேஞ்சு, வில்லுல இருக்கிற முடி தந்தில உரசுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஹால்ல ஒருத்தர் கூட இருமல. அடுத்த தடவை விமர்சனம் எழுதறப்ப இதுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்