மூடியைத் திருகும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

தமிழ்நாட்டு ஓட்டல் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவை டிபன் சாப்பிட வெளியே கூட்டிப் போனோம். அம்மாவுக்கு 76 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த தங்கை என்று மொத்தம் ஐந்து பேர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் சப்ளையர் தம்பி இரண்டு தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். மேசையில் வைத்த கையோடு இரண்டின் மூடியையும் 'சடக், சடக்' என்று திருகிவிட்டார். அப்புறம்தான் "வாங்க சார்".

"சாதாத் தண்ணி இல்லையாப்பா?" என்று அம்மா கேட்டார்.

"ஏசி ஹால்ல பாட்டில்தான் பாட்டி."

திறந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தத் தம்பிக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இருபது ரூபாய் என்று அச்சடித்த பாட்டில், பில்லில் ஐம்பது ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து நூறு.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரவா தோசை ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. அம்மா கேட்ட இரண்டாவது கிண்ணம் சாம்பாரை முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். மோசமான ஓட்டலாக இருந்தால் மறுபடி போகாமல் இருந்துவிடுவேன், அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

பில் வந்தது. சாப்பிட்டது 1,700 ரூபாய், தண்ணீர் 100. அதற்குக் கீழே 'எஸ்.சி.' என்று இரண்டே எழுத்து, எதிரில் 180 ரூபாய். அதன் கீழே ஜிஎஸ்டி 99 ரூபாய். மொத்தம் 2,079. எஸ்.சி. என்றால் என்ன என்று கேட்டேன். சர்வீஸ் சார்ஜாம். 1,800 ரூபாய்க்கு ஐந்து சதவீத வரி போட்டால் 90தான் வரும். இவர்கள் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 1,980க்கு வரி போட்டிருந்தார்கள். நான் கேட்காத ஒரு கட்டணத்துக்கு ஒன்பது ரூபாய் வரி!

மேனேஜரைக் கூப்பிட்டேன். "அது ஸ்டாஃபுக்குத்தான் சார் போகுது" என்றார். அதற்குள் அம்மா என் முழங்கையைத் தொட்டு, "விடுடா, நாலு பேர் பாக்குறாங்க" என்றார். மகள் போனைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். கொடுத்துவிட்டு எழுந்தேன். கீழே வண்டி எடுக்கும்போது அதே சப்ளையர் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருமா என்று சும்மா கேட்டேன். சிரித்தார். "மாசச் சம்பளம் மட்டும்தான் சார்."

உங்களில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்கு ஒரு கணக்கும் இல்லை. செய்யாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் வாங்கியது என் பணத்தை இல்லை, என் கூச்சத்தை. குடும்பத்தோடு வந்தவன், சாப்பிட்டு முடித்தவன், கையில் இன்னும் ஈரம் காயாதவன், நூற்றெண்பது ரூபாய்க்காகச் சண்டை போட மாட்டான் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தனியாக வருகிறவன் பில்லைப் பார்த்துக் கேட்டாலும் கேட்பான். அம்மாவோடு வருகிறவன் கேட்க மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். 2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் சில நாளிலேயே தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. போகட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் 'எஸ்.சி.' என்று இரண்டு எழுத்தில் ஒளித்து வைப்பதற்கு எந்த நீதிமன்றமும் இடம் கொடுக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டலில் பரிமாறும் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பியைவிட அதிகமாக விற்கலாம் என்றது. ஓட்டலுக்கு வருகிறவர் வெறும் பாட்டில் வாங்க வரவில்லை, உட்காரும் இடம், சூழல், பரிமாறும் ஆள் எல்லாம் அதில் அடக்கம் என்பது அதன் நியாயம். சரி. இருபது ரூபாய்ப் பாட்டிலை ஐம்பதுக்கு விற்கும்போதே நாற்காலிக்கும் ஏசிக்கும் பரிமாறுகிற தம்பிக்கும் சேர்த்து வாங்கியாயிற்று. அப்புறம் அந்த 180 எதற்கு? ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் காசு.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. "ஏசி ஹால்ல வரி ஜாஸ்தி சார்." ஜிஎஸ்டி வந்த புதிதில், 2017 ஜூலையில், ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12, ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று இருந்தது உண்மை. அதே வருடம் நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் ஐந்து சதவீதம்தான், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரிந்து வரும். (பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக் கணக்கு வேறு, அங்கே நான் அம்மாவைக் கூட்டிப் போவதும் இல்லை.) ஏசி ஹாலில் தோசை விலை அதிகம் என்றால் அது நீங்கள் வைத்த விலை. கரண்ட் பில் ஏறுகிறது, வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் தலையில் போடாதீர்கள். அதேபோல, வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் வியாபாரம் பார்த்துக் காம்போசிஷன் திட்டத்தில் (சின்னக் கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து வரியாகக் கட்டுகிற ஏற்பாடு) இருக்கிற கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. வாங்குகிற கடைகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். பில்லை உற்றுப் பார்க்கத் தெரியாத காலத்தில்.

என் மாமா தஞ்சாவூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். கல்லாவுக்கு மேலே கறுப்புப் பலகையில் அத்தனை விலையும் வெள்ளை எழுத்தில் இருக்கும். காபிக்கு விலை ஏறினால் முதலாளியே ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார். அன்று காலையில் வருகிறவர்கள் பலகையைப் பார்த்து முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டுக் காபி குடிப்பார்கள். சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவப் போகும்போதே மாமா கல்லாவைப் பார்த்து, "ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி" என்று சத்தமாகச் சொல்லுவார். ஓட்டலுக்கே கேட்கும். அதில் ஏமாற்ற இடமே இல்லை. சாப்பிட்டவருக்கும் தெரியும், பக்கத்து மேசைக்கும் தெரியும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தட்டு கழுவுகிற பையன்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். மாமாவுக்குக் கால் நரம்பு சுருண்டதும் அங்கேதான். அந்தப் பலகையை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்போது பலகைக்குப் பதில் மேசையில் ஒரு கட்டம் கட்டமான ஸ்டிக்கர். போனைக் காட்டினால் மெனு வருமாம். அன்று அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, கடைசியில் என்னிடமே கொடுத்துவிட்டு, "எதாச்சும் சொல்லு" என்றார். எதாச்சும் சொல்லு! எந்த ஓட்டலுக்குப் போனாலும் இட்லியா, ஆப்பமா, இடியாப்பமா என்று பத்து நிமிடம் யோசிக்கிற பெண்மணி அவர். அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்கு வெளியே சாப்பிடுவதில் பாதி சந்தோஷம். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில், விலையோடு அச்சடித்த அட்டை ஒரு ஹாலுக்கு நாலு இருந்தால் போதும்.

மீன் வறுவலுக்கு எதிரில் விலைக்குப் பதிலாக 'சைஸுக்குத் தக்கபடி' என்று போடும் பழக்கத்தைப் பற்றித் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும். வஞ்சிரம் மார்க்கெட்டில் என்ன விலை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குக் காலையிலேயே தெரியும். அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வறுக்கப் போடுங்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. 19 கிலோ சிலிண்டர் விலை மாதா மாதம் மாறுகிறது. பரோட்டா மாஸ்டர் நிற்பதில்லை, அடுத்த கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுகிறார். டெலிவரி ஆப்காரர்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கிறார்கள். எல்லாம் சரி. தோசைக்குப் பத்து ரூபாய் ஏற்றுங்கள். அட்டையில் போடுங்கள். பார்த்துவிட்டு, கட்டுப்படியானால் உட்காருவோம், இல்லையென்றால் ஒரு காபியோடு எழுந்துவிடுவோம். சப்ளையருக்கு நான் தனியாக ஐம்பது வைப்பேன், எப்போதும் வைக்கிறவன்தான். அன்றைக்கு வைக்கவில்லை. பில்லிலேயே 180 போய்விட்டதே என்ற எரிச்சலில் வைக்காமல் வந்துவிட்டேன். டீ குடித்துக்கொண்டு சிரித்த அந்த முகம் அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

1915 என்று நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில்லும் பத்திரமாக இருக்கிறது. இதுவரை கூப்பிடவில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன். அது முடிந்ததும் வெளியே ஆப்பம் சாப்பிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் ஓட்டலுக்கே வந்தாலும் வருவோம். உட்கார்ந்ததும், "சாதாவா, பாட்டிலா?" என்று முதலில் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூத்த பிள்ளை என்பதால் எப்போதும் பில்லை வாங்குகிறவன்