பையை எடுத்து வைத்துவிடுகிறார்கள் அம்மா

லெஸ்டர், இங்கிலாந்து
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ அனுப்பிய சுக்குப்பொடி நேற்று வந்து சேர்ந்தது. நாலு மணிக்கே இருட்டிய மாதம் போய், இப்போது ஐந்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது.

போன வாரம் போனில், "பள்ளிக்கூடத்தோடு எதற்கு மல்லுக்கு நிற்கிறாய், வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்" என்றாய். பையன் பக்கத்திலேயே இருந்தான், பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நவம்பரில் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். இவன் இரண்டு மரம் வரைந்தான். ஒன்றில் தத்தெடுத்த நாம் எல்லோரும், நீயும்கூட. மற்றதில் அவனைப் பெற்றவள் மட்டும். அதைப் பார்த்த ஒரு பையன், "உன் நிஜ அம்மாவுக்கே நீ வேண்டாம்" என்றிருக்கிறான். இவன் அவனை அடித்துவிட்டான். அடித்தது தப்பு. அவனிடமும் அதைச் சொன்னேன், அந்தப் பையனின் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் கூடினால், யாராவது சீண்டினால், இவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான், இல்லையென்றால் கத்துவான். உடனே எனக்குப் போன் வரும்: "கொஞ்சம் அமைதியாகட்டும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்." நான் போகும்போது பையும் கோட்டுமாக ஆபீஸ் வாசலில் நிற்பான். நாலு வயதில் நம்மிடம் வருவதற்குள் மூன்று வீடு மாறியவன் அம்மா அவன். ஒவ்வொரு தடவையும் யாரோ பையை எடுத்து வைத்திருக்கிறார்கள், யாரோ காரில் ஏற்றியிருக்கிறார்கள். நாலாவது முறை கூட்டி வந்த அன்று ராத்திரி, "இப்போ எந்த வீட்டுக்கு?" என்று கேட்டான். நானும் அவரும் அன்றைக்குத் தூங்கவில்லை.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். இப்படிச் சும்மா வீட்டுக்கு அனுப்புவது இங்கே சட்டப்படி செல்லாது, பெற்றோர் சரி என்றாலும்கூட. அனுப்புவதென்றால் சஸ்பென்ஷன் என்று காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அரசுப் பராமரிப்பிலிருந்து தத்துக்கு வந்த பிள்ளைகளைக் கவனிக்க ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் கவுன்சிலில் 'விர்ச்சுவல் ஸ்கூல்' என்று ஒன்று உண்டு. கட்டிடம் கிடையாது, அதன் தலைமை அதிகாரி இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகவே இருப்பவர். 2018-லிருந்து எங்களைப் போன்ற பெற்றோரும் அவரிடம் ஆலோசனை கேட்கலாம். இவனுக்காகப் பள்ளிக்கு அரசு தனியாகப் பணமும் தருகிறது, 2024-25க்கு 2,570 பவுண்ட். அந்தப் பணம் இவனுக்கு எப்படி உதவுகிறது என்று கேட்க எனக்கு முன்பு தோன்றவே இல்லை.

டிசம்பரில் பள்ளியில் உட்கார்ந்து பேசினோம். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சாப்பாட்டு இடைவேளையில் அமைதியான இடம், கலங்கினால் போய் நிற்க ஒரே ஒரு டீச்சர், குடும்பத்தைப் பற்றிய பாடம் வந்தால் முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை. மார்ச் 30 இங்கே அன்னையர் ஞாயிறு, கார்டு செய்யச் சொல்வார்கள். இரண்டு கார்டு செய்தால் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்றேன்.

போன மாதம் ஒரே ஒரு தடவைதான் போன் வந்தது. "சஸ்பென்ஷன் என்றால் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் அவன் அங்கேயே இருக்கட்டும்" என்றேன். கை நடுங்கியது. அவன் அங்கேயே இருந்தான். அந்த டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கூட்டிப் போனாராம்.

அப்பாவும் வாத்தியார்தானே. வெளியே நிற்க வைத்த பிள்ளையை மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நான் கேட்டது அவ்வளவுதான் அம்மா.

ஜூலைக் கடைசியில் கோயில் கொடைக்கு வருகிறோம். "யார் ஜாடை?" என்று பெரியத்தை அவன் முன்னால் கேட்காமல் நீ பார்த்துக்கொள். பெற்றவளைப் பற்றியும் யாரும் குறைவாகப் பேச வேண்டாம். வருடத்துக்கு ஒரு கடிதம் கவுன்சில் வழியாக அவளுக்கு எழுதுகிறோம், அவனும் அதில் படம் வரைவான்.

ஆச்சி வீட்டில் தன் பையை எங்கே வைப்பது என்று இப்போதே கேட்கிறான். முன்னறைச் சுவரில் அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்து வை. பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அன்புடன்,
உன் மகள்