எங்க பக்கத்துத் தெரு அக்கா எலெக்‌ஷன்ல நின்னப்ப நாங்க எங்க போனோம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கொருக்குப்பேட்டைல இருந்து எழுதுறேன். முப்பது வருஷமா இதே தெருதான், வீட்லயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். பொம்பளைங்களுக்கு சீட்டு கொடுக்கணும்னு உங்க பேப்பர்ல அப்பப்ப வருது, படிக்கும்போது சந்தோஷமா இருக்கும். ஆனா துணிஞ்சு நிக்கிற பொம்பளைக்கு அக்கம்பக்கத்துல இருக்குற நாம என்ன பண்ணனும்னு யாரும் எழுதி நான் பாக்கல. எனக்கு அது நாலஞ்சு வருஷமா உறுத்திக்கினே இருக்கு, அதான் இந்த லெட்டர்.

2022 மாநகராட்சி தேர்தல்ல எங்க பக்கத்துத் தெரு அக்கா சுயேச்சையா நின்னாங்க. பேரு வேணாம். மகளிர் குழுவுக்கு தலைவியா இருந்தவங்க, பேங்க் லோன்ல இருந்து ரேஷன் கார்டுல குழந்தை பேரு சேக்குற வரைக்கும் எங்க எல்லாருக்கும் ஓடுனது அவங்கதான். ஒரு மழைக்காலத்துல குழாய்ல சாக்கடை கலந்து வந்தப்போ அந்தத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு எடுத்துக்கினு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, தெருவைத் தோண்டி பைப்ப மாத்துற வரைக்கும் விடல. அவங்க ஒரு கட்சில சீட்டு கேட்டாங்க, அது வேற ஒருத்தரோட வீட்டம்மாவுக்குப் போச்சு, சரி நானே நிக்கிறேன்னு நின்னுட்டாங்க.

சுயேச்சையா நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு அப்பதான் கிட்டக்க பாத்தேன். ஜனவரி 28ல மனு வாங்க ஆரம்பிச்சு பிப்ரவரி 4ல முடிச்சிட்டாங்க. டெபாசிட் 4000 ரூபா, எஸ்சி எஸ்டின்னா 2000. சொத்து எவ்ளோ, கடன் எவ்ளோ, கேஸ் இருக்கா இல்லையான்னு அஃபிடவிட் வேற. வாபஸ் வாங்குற கடைசி நாளு 7ந்தேதி, அது முடிஞ்சாதான் சுயேச்சைக்கு இதான் சின்னம்னு கைல வரும், 17ந்தேதி சாயங்காலத்தோட பிரச்சாரம் க்ளோஸ், 19ந்தேதி ஓட்டு. ஆக மொத்தம் பத்து நாளு. பெரிய கட்சி சின்னம் பச்சக் குழந்தைக்குக் கூட தெரியும், இவங்க அந்தப் பத்து நாள்ல நோட்டீஸ் அடிச்சு, வார்டு முழுக்க நடந்து, ஒவ்வொரு வீட்லயும் சின்னத்தைக் காட்டிப் புரிய வைக்கணும், நடுவுல வீட்டுக்கு வந்து உலை வைக்கணும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கணும்.

நாங்க என்ன பண்ணோம்? நானே ரெண்டு நாளு வேற ஒரு கட்சி கூட்டத்தோட கொடி புடிச்சுக்கினு போனேன், கைல காசு கொடுத்தாங்க, மத்தியானம் சாப்பாடு போட்டாங்க. மூணாவது நாளு அக்கா நோட்டீஸோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, அவங்க மூஞ்சைப் பாக்க முடியாம உள்ள துணி கட் பண்ற மாதிரி உக்காந்துட்டேன். அதை விட கேவலம் குழாயடில நாங்க பேசுனது. புருஷன் புள்ளைய விட்டுட்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இன்னா சுத்து, இவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேலன்னு பேசுனது ஆம்பளைங்க இல்ல சார், நாங்கதான். அது அவங்க காதுக்கும் போச்சு.

ஓட்டு அன்னிக்கு ஒவ்வொரு பூத்துலயும் ஏஜென்ட்டு உக்காரணும், ஓட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மெஷினை போட்டுக் காட்டுவாங்க, அதுக்கு விடியக்காலைலயே போயாவணும். அக்காவுக்கு கிடைச்சது ரெண்டே பேரு, ஒண்ணு அவங்க தங்கச்சி, இன்னொண்ணு காலேஜ் படிக்கிற பையன். மத்த பூத்துல எல்லாம் அவங்க பக்கம் சேர் காலி. அந்தத் தேர்தல்ல சென்னைல ஓட்டு போட்டதே நூத்துக்கு 43, 44 பேர்தான், பாதிக்கு மேல வீட்டை விட்டே வரல. எங்க குழுவுல இருந்தவங்க ஆளுக்கு பத்து வீட்டுக்கு போய் வாங்கன்னு கூப்ட்டு இட்டுக்கினு வந்திருந்தா நெலமையே வேற. யாரும் போகல. அக்கா தோத்தாங்க, டெபாசிட்டும் போச்சு, எலெக்‌ஷனுக்கு வாங்குன கடனை ஒரு வருஷமா கட்டுனாங்க.

உள்ளாட்சில பொம்பளைங்களுக்கு பாதி இடம்னு 2016லயே சட்டம் வந்துடுச்சு, அதனாலதான் சென்னைல இன்னிக்கு இவ்ளோ லேடீஸ் கவுன்சிலருங்க. நம்ம வடசென்னைல 74வது வார்டுல ஜெயிச்ச பிரியா 28 வயசுல மேயரா உக்காந்தாங்க, அந்த நாற்காலில உக்காந்த மொத தலித் பொம்பளை அவங்கதான். அன்னிக்கு டிவில பாத்துட்டு எங்க வீட்ல அழுதுட்டோம். ஆனா ஒதுக்கீடு இல்லாத எடத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. 2021ல சட்டசபைக்கு 234 பேரு ஜெயிச்சதுல பொம்பளைங்க 12 பேரு. பன்னண்டு! பஸ்ல லேடீஸ் சீட்டே அதை விட ஜாஸ்தி இருக்கும். சட்டசபைலயும் பார்லிமெண்டுலயும் மூணுல ஒரு பங்குன்னு 2023ல சட்டம் பாஸ் பண்ணாங்க, ஆனா சென்சஸ் எடுத்து தொகுதியெல்லாம் மறுபடி பிரிச்சப்புறம்தான் அமலுக்கு வரும்னு அதுலயே எழுதிட்டாங்க. அது வரைக்கும் கட்சிங்க தானா கொடுத்தாதான் உண்டு. பொது வார்டுல பொம்பளை நிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல, ஆனா எங்க ஏரியாவுல பொது வார்டுன்னாலே அது ஆம்பளைங்க வார்டுன்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தோம்.

இத்தனைக்கும் இது நம்ம ஏரியாவுக்கு புதுசு இல்ல. 1957லயே பெரம்பூர்ல சத்தியவாணி முத்து அம்மா நின்னு ஜெயிச்சாங்க, திமுகவுக்கு அப்போ கட்சின்னு அங்கீகாரம் கூட இல்ல, கணக்குல அவங்க சுயேச்சைதான். அப்புறம் 1967ல அண்ணா மந்திரிசபைலயே மந்திரி ஆனாங்க. ஃபோனு, வாட்ஸ்அப் ஒண்ணும் இல்லாத காலம், அப்பவே நம்ம ஜனங்க அவங்களை ஜெயிக்க வச்சிருக்காங்க.

கொடுங்கையூர் குப்பை மேட்டுல தீப்புடிச்சா யாரு வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு வருது, 2023 டிசம்பர்ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் மெதந்தப்போ கூடைல மீன் விக்கிற அம்மாங்க எத்தினி நாளு வியாபாரம் இல்லாம இருந்தாங்க, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடுனா ஆஸ்பத்திரிக்கு போற கர்ப்பிணி எவ்ளோ நேரம் ஆட்டோல காத்துக் கெடக்கணும், இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். இதைத் தெரிஞ்சவங்க மாநகராட்சி மன்றத்துல உக்காந்து பேசணும்னுதான் கேக்குறேன்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பளை வேட்பாளரைப் பத்தி பேப்பர்ல வரும்போது, இன்னார் மனைவி, இன்னார் மகள்னு மொத வரிலயே போடுறாங்க. ஜெயிச்சப்புறமும் வார்டுல எது நடந்தாலும் வீட்டுக்காரர் கருத்துதான் வருது. நிருபர் தம்பிங்க ஃபோனை கவுன்சிலரம்மா கைல கொடுக்கச் சொல்லி கேக்கணும், அவரு கொடுக்கலன்னா கொடுக்கலன்னு எழுதுங்க. அப்புறம் மனு எப்படி போடுறது, என்னென்ன பேப்பர் வேணும், கவுன்சிலருக்கு நிக்க 21 வயசு ஆனா போதும்ங்கிற மாதிரி விஷயத்தை எல்லாம் தேதி அறிவிக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே போடுங்க. கட்சி ஆபீஸ் இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியும், குழு நடத்துற அம்மாவுக்கு எங்க தெரியப் போவுது.

அக்கா மறுபடி நிக்கிறேன்னு சொல்லல, ஆனா மாட்டேன்னும் சொல்லல. நானும் இன்னும் பதினோரு பேரும் சேந்து மாசம் நூறு ரூபா எடுத்து வைக்கிறோம், டெபாசிட்டுக்கும் நோட்டீசுக்கும். வோட்டர் லிஸ்டை பிரிண்ட் எடுத்து தெருவாரியா பிரிச்சாச்சு. அவங்க வெளிய சுத்துற நாள்ல யாரு வீட்ல இருந்து அவங்க வீட்டுக்கு சாப்பாடு போவணும்னு கூட எழுதி வச்சிருக்கோம், திங்கக்கெழம என் முறை. பூத் ஏஜென்ட்டா நான் உக்காரப் போறேன்னு அவங்க கிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசாம என் கையப் புடிச்சுக்கினாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை